நாற்பது தளம், ஒற்றைத் தலை

தம்பி, முதலில் அந்த லேப்டாப்பை மூடு.

மணி ராத்திரி இரண்டு. இருபத்தேழாவது வலைத்தளத்தின் மெனு செல்போனில் திறக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. பன்னிரண்டாவது கடைக்காரர், போன் நம்பரில் ஓர் இலக்கம் தப்பு என்று சாயங்காலமே வாட்ஸ்அப்பில் குரல் பதிவு போட்டுத் திட்டியிருக்கிறார். கடைசிப் பதின்மூன்று கடைகளிலிருந்து ஒரு போட்டோகூட, ஒரு வரிகூட இன்னும் வந்து சேரவில்லை. பொங்கலுக்குள் நாற்பதையும் முடித்துத் தருகிறேன் என்று மார்தட்டியவன் நீ. இப்போது அதே மார் படபடக்கிறது. யாரிடமாவது கேட்கலாமா என்று போனை எடுக்கிறாய். ‘இதுகூடத் தெரியாமலா வேலையை ஒத்துக்கிட்ட?’ என்று கேட்டுவிடுவார்களோ என்று மறுபடி கவிழ்த்து வைக்கிறாய்.

அந்தக் கவிழ்த்து வைத்த போனைப் பற்றித்தான் உன்னிடம் பேச வேண்டும்.

இந்த ராத்திரி எனக்குப் பழக்கப்பட்டது. 2014-ல் நானே அதில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் அருப்புக்கோட்டைப் பக்கத்தில் ஒரு வியாபாரிகள் சங்கம். ஜவுளிக்கடை, பாத்திரக்கடை, லாட்ஜ், கல்யாண மண்டபம், நாட்டு மருந்துக்கடை என்று நாற்பது உறுப்பினர்கள். ஆளுக்கு ஐந்து பக்கம்: முகப்பு, எங்களைப் பற்றி, பொருட்கள், படங்கள், தொடர்புக்கு. புத்தகத்தில் இதற்கெல்லாம் உள்ளடக்க மேலாண்மை அமைப்பு என்று நீளமாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். நாம் வேர்ட்பிரஸ் என்போம். ஒன்றைக் கட்டி, முப்பத்தொன்பது நகல் எடுத்தால் தீர்ந்தது வேலை என்று கணக்குப் போட்டேன். முன்பணமும் வாங்கிச் செலவழித்துவிட்டேன்.

என் சர்வரில் தற்காலிக முகவரி கொடுத்து எல்லாவற்றையும் கட்டி முடித்தாயிற்று. பிறகு ஒவ்வொன்றையும் அந்தந்தக் கடையின் சொந்த முகவரிக்குக் கொண்டுபோக வேண்டும். டேட்டாபேஸை ஒரு கோப்பாக இறக்கி, நோட்பேடில் திறந்து, பழைய முகவரி வரும் இடமெல்லாம் புதியதை ஒரே அடியாக மாற்றி, திரும்ப ஏற்றினேன். தளம் திறந்தது. எழுத்தெல்லாம் இருந்தது. ஆனால் பக்கப்பட்டையைக் காணோம். கடை நேரம், வரைபடம், மேலே ஓடுகிற படங்கள், கீழே இருந்த போன் நம்பர் எல்லாம் ஈரத்துணியால் துடைத்த சிலேட்டு மாதிரி போயிருந்தன. அடுத்த தளத்தில் அதே கதை. அதற்கடுத்ததிலும் அதே கதை.

மூன்று ராத்திரி நானே போராடினேன். கையாலேயே மறுபடி எல்லாவற்றையும் அடுக்கினேன். ஆறு தளம் முடிந்தபோது கண் எரிந்தது. அம்மா தறிவீட்டில் பிறந்து வளர்ந்தவள். கணினியில் என்ன சிக்கல் என்று அவளுக்கு ஒன்றும் தெரியாது. என் முகத்தைப் பார்த்துவிட்டு, “சிக்குப்பட்ட நூலை ஒத்தையில எடுக்க முடியுமாடா? ஒருத்தர் பிடிக்கணும், ஒருத்தர் எடுக்கணும். யாரையாவது கூப்பிடு” என்றாள்.

மதுரையில் எனக்கு மூத்த ஒருவர் இருந்தார். ஒரே ஒருமுறை பார்த்துப் பேசிய பழக்கம். கூப்பிட்டேன்.

“அண்ணே, ஒரு சின்ன சந்தேகம்…”

“சின்னதா இருந்தா இத்தனை மணிக்குக் கூப்பிட மாட்டியே. சொல்லு தம்பி.”

சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி. “பழைய அட்ரஸ் எத்தனை எழுத்து, புதுசு எத்தனை எழுத்து?”

“எண்ணலையேண்ணே.”

“நீ எண்ணலை. வேர்ட்பிரஸ் எண்ணி வச்சிருக்கு. அங்கதான் அடி வாங்கிருக்க.”

விஷயம் இதுதான். பக்கப்பட்டை, தீம் அமைப்பு போன்றவற்றை வேர்ட்பிரஸ் டேட்டாபேஸில் ஒரே பொட்டலமாகக் கட்டி வைக்கும். பொட்டலத்துக்குள் ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் அதன் நீளத்தையும் குறித்து வைக்கும். நான் முகவரியை மாற்றினேன், முன்னால் இருந்த எண்ணை மாற்றவில்லை. நீளம் பொய்யென்று தெரிந்ததும் அது பொட்டலம் மொத்தத்தையும் ஒதுக்கித் தள்ளிவிட்டது. கையால் எண்ணித் திருத்தலாம் என்று நினைத்தாயானால் தமிழில் அதுவும் நடக்காது. ‘சிவகாசி’ உனக்கும் எனக்கும் நாலு எழுத்து. ஒருங்குறியில் அது ஏழு குறி, குறி ஒன்றுக்கு மூன்று பைட். ஆக அந்த எண் 21. முகவரி மாற்றுவதற்கென்றே வேர்ட்பிரஸுக்கு ஒரு கட்டளைக் கருவி உண்டு, அது பொட்டலத்தைப் பிரித்து, மாற்றி, நீளத்தை மறுபடி எண்ணிக் கட்டிவிடும் என்று அண்ணன் சொன்னார். போனில் பேசியது பதினொரு நிமிஷம்.

மூன்று ராத்திரி எங்கே, பதினொரு நிமிஷம் எங்கே! என் அறிவு போதாமல் அந்த மூன்று ராத்திரி போகவில்லை. வெட்கத்தில் போனது. அந்த வெட்கத்தை நான் அதுவரை தன்மானம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அதுதான் வேடிக்கை.

கேள் தம்பி. எல்லாம் தனக்கே தெரியும் என்று மார்தட்டுவதைத் தன்னம்பிக்கை என்று எவன் உனக்குக் கற்றுக்கொடுத்தான்? பத்துப் பேர் நடுவில் நின்று ‘இது எனக்குத் தெரியல, சொல்லிக் கொடுங்க’ என்று குரல் நடுங்காமல் சொல்லிப் பார். அதைச் சொல்வதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று அப்போது தெரியும். அரைகுறையாகத் தெரிந்தவனுக்கு அது வராது. தெரியாததை ஒளிப்பதற்கே அவனுக்குப் பாதி ஆயுள் போய்விடும்.

நீ கையில் வைத்திருக்கிற வேர்ட்பிரஸ் எப்படிப் பிறந்தது, தெரியுமா? 2003 ஜனவரியில் அமெரிக்காவின் ஹூஸ்டனில் மேட் மல்லன்வெக் என்று பத்தொன்பது வயதுப் பையன். அவன் பயன்படுத்தி வந்த பி2 என்ற மென்பொருளை எழுதிய மிஷேல் வால்ட்ரீகி மாதக்கணக்கில் ஆளையே காணோம். மென்பொருள் அநாதையாக நிற்கிறது. பையன் என்ன செய்தான்? அறையைச் சாத்திக்கொண்டு தனியாக முட்டவில்லை. இந்த நிலைமை, இதை எடுத்துத் தொடரலாம் என்று இருக்கிறேன் என்று ஊரறிய எழுதினான். இங்கிலாந்தின் ஸ்டாக்போர்ட்டிலிருந்து மைக் லிட்டில் என்பவர், நிஜமாகவே செய்வதாக இருந்தால் நானும் கை கொடுக்கிறேன் என்று பதில் போட்டார். நேரில் பார்த்துப் பழகியவர்கள் இல்லை. நடுவில் ஒரு சமுத்திரம். அதே ஆண்டு மே 27-ல் வேர்ட்பிரஸின் முதல் பதிப்பு வெளியானது. இன்று உலகத்து வலைத்தளங்களில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் அதில்தான் ஓடுகின்றன. அன்றைக்கு அந்தப் பையன் கூச்சப்பட்டிருந்தால் நீயும் நானும் இன்று வேறு பிழைப்பு பார்த்துக்கொண்டிருப்போம்.

இன்னொன்றையும் கேள், இது எனக்கு அதைவிடப் பிடித்த கதை. ட்ருபல் என்று இன்னொரு மென்பொருள். பெல்ஜியத்தில் ஆன்ட்வெர்ப் நகரத்து மாணவர் விடுதியில் ட்ரீஸ் பொய்டார்ட் என்ற மாணவர் தொடங்கி, 2001-ல் வெளியிட்டது. நான்கு வருஷத்தில் கூட்டம் கூடிவிட்டது. 2005-ல் அவர்களுடைய சர்வர் பளு தாங்காமல் படுத்தே விட்டது. உலகத்துக்கே தளம் கட்டும் கருவி கொடுப்பவனின் சொந்தத் தளம் விழுந்து கிடக்கிறது! நீயும் நானுமாக இருந்தால் ‘பராமரிப்புப் பணி நடைபெறுகிறது’ என்று ஒரு பலகையைத் தொங்கவிட்டு உள்ளே ஒளிந்திருப்போம். அவர் என்ன செய்தார்? வெற்றுப் பக்கம் ஒன்றை வைத்தார். சர்வர் வாங்க 3,000 டாலர் வேண்டும் என்று எழுதி, பணம் அனுப்ப ஒரு பொத்தானையும் வைத்தார். இருபத்து நான்கு மணி நேரத்தில் 10,000 டாலருக்கு மேல் வந்து விழுந்தது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் ஒரு சர்வரையே கொடுத்தது. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருக்கும் திறமூல ஆய்வகம் அதை வைக்க இடம் கொடுத்தது. அழுத பிள்ளைக்குப் பால் என்பது நம் ஊர்ப் பழமொழி. ஆன்ட்வெர்ப்பிலும் செல்லுபடியாகியிருக்கிறது.

ஆகவே உதவி கேள். ஆனால் ஒன்று. கேட்கத் தெரிந்து கேள்.

‘அண்ணே, சைட் வேலை செய்யல’ என்று ஒரு வரி அனுப்புகிறாயே, அது கேள்வியா? மெக்கானிக்கிடம் போய் ‘வண்டி ஓடலை’ என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியையே காட்டாமல் நின்றால் அவர் என்ன செய்வார்? ஐந்து வரி எழுது. எந்தத் தளம், எந்தப் பக்கம். கடைசியாக எதைத் தொட்டாய். என்ன நடக்கும் என்று நினைத்தாய். என்ன நடந்தது, பிழைச்செய்தி வந்திருந்தால் ஓர் எழுத்து விடாமல் அது. இதுவரை என்னென்ன செய்து பார்த்துவிட்டாய். அவ்வளவுதான். சத்தியமாகச் சொல்கிறேன், இந்த ஐந்து வரியை எழுதும்போதே பாதிப் பிரச்சினை தானாக அவிழ்ந்துவிடும். அந்த ‘கடைசியாக எதைத் தொட்டாய்’ இருக்கிறதே, பல நாள் அதிலேயே பதில் உட்கார்ந்திருக்கும். நான் எத்தனையோ தரம் மூன்றாவது வரி எழுதுவதற்குள் தலையில் அடித்துக்கொண்டு மெயிலை அழித்திருக்கிறேன்.

பிளகின்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தாயா? வேறு தீம் போட்டுப் பார்த்தாயா? அதையாவது செய்துவிட்டுக் கேள். பேக்கப் எடுக்காமல் எதையும் தொடாதே. இதை ஆயிரம் பேர் சொல்லிவிட்டார்கள், நானும் ஆயிரத்தொன்றாவது ஆளாகச் சொல்லி வைக்கிறேன். இன்னொரு சின்ன விஷயம். 2019-ல் வந்த 5.2 பதிப்பிலிருந்து, பிளகினோ தீமோ தளத்தை முழுசாகக் கவிழ்த்தால் வேர்ட்பிரஸ் நிர்வாகியின் மெயிலுக்கு ஒரு மீட்பு இணைப்பை அனுப்பும். நகல் எடுத்த நாற்பதிலும் நிர்வாகி மெயில் என்ன என்று பார்த்தாயா? முதல் தளத்தில் சோதனைக்குப் போட்ட பொய் முகவரியே நாற்பதிலும் இருக்கும். மீட்புக் கயிறு வருகிறது, பிடிக்க ஆளில்லை!

இப்போதெல்லாம் மனிதர்களிடம் கேட்க வெட்கப்பட்டு இயந்திரத்திடம் கேட்கிறீர்கள். கேள், தப்பில்லை. ஆனால் அது கொடுத்ததைப் புரியாமல் நாற்பது தளத்திலும் ஒட்டாதே. உன் சர்வரில் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. ஒரு தளத்தில், அதுவும் சோதனைக்கென்று வைத்த தளத்தில், ஒட்டிப் பார்.

நாற்பதையும் தனித்தனியாகக் கட்டுவதா, ஒரே கூரையின் கீழ் வைப்பதா என்று குழம்புவாய். சிவகாசித் தினசரி காலண்டரைப் பார்த்திருப்பாய். தேதிக் கட்டு எல்லாவற்றிலும் ஒன்றுதான். அதே நல்ல நேரம், அதே ராகு காலம். அட்டை மட்டும் மாறும். இதில் முருகன், அதில் மகாலட்சுமி, கீழே கடைக்குக் கடை பெயர். வேர்ட்பிரஸில் மல்டிசைட் என்பது இதுதான். 2010-ல் வந்த 3.0 பதிப்பிலிருந்து அது உள்ளேயே இருக்கிறது. மென்பொருள் ஒன்று, ஒவ்வொரு தளத்துக்கும் அட்டை வேறு, உள்ளடக்கம் வேறு. பிளகினை ஒரே இடத்தில் புதுப்பித்தால் நாற்பதுக்கும் புதுப்பித்தாயிற்று. வேர்ட்பிரஸ்.காம் இப்படித்தான் ஓடுகிறது.

அப்படியானால் எல்லோரும் இதையே செய்யலாமா? செய்யாதே என்பேன். ஒரு பிளகின் கவிழ்த்தால் நாற்பது கடையும் சேர்ந்து இருட்டாகும். நாளைக்குப் பாத்திரக்கடை அண்ணாச்சி உன்னோடு கோபித்துக்கொண்டு வேறு ஆளிடம் போனால், அவர் தளத்தை மட்டும் பிரித்தெடுத்துக் கொடுப்பதற்குள் உனக்கு நாக்குத் தள்ளிவிடும். ஒரே முதலாளி, பல கிளை என்றால் மல்டிசைட் அருமை. பள்ளிக்கூடக் கிளைகள், ஒரே ஜவுளிக்கடையின் ஆறு ஊர்க் கடைகள், அப்படி. நாற்பது கடைக்கு நாற்பது முதலாளி என்றால் தனித்தனியாகவே வை. இது என் தீர்ப்பு. மாற்றிச் சொல்பவர்களும் இருக்கிறார்கள், அவர்களையும் கேட்டுக்கொள்.

இனி, கூலிக்கு வாங்கும் உதவி. இங்கேதான் பெரும்பாலோர் தப்பு செய்கிறார்கள். ஆள் தேடப் போனால் தன்னைப் போலவே கோடு எழுதத் தெரிந்தவனைத் தேடுகிறார்கள். சின்னத் தளங்கள் கோடு இல்லாமல் நின்றுபோவதில்லை தம்பி. ‘போட்டோ நாளைக்கு அனுப்புறேன்’ என்கிற இடத்தில்தான் நின்றுபோகும். அந்த நாளை தை போய் மாசி வந்தாலும் வராது.

நான் முதன்முதலில் வேலைக்கு வைத்தது பி.காம். முடித்த ஒரு தங்கச்சியை. கோடு ஒரு வரி தெரியாது. தமிழ்த் தட்டச்சு தெரியும், பேசத் தெரியும். அது போதும் என்று வைத்தேன். முதல் நாளே போனை எடுத்து, “அண்ணாச்சி, வணக்கம். உங்க கடை வாசல்லதான் நிக்கேன். போர்டை ஒரு போட்டோ எடுத்துக்கிடவா?” என்றது. வாசலில் வந்து நிற்கிற பிள்ளையை எந்த அண்ணாச்சி திருப்பி அனுப்புவார்? கலர் கொடுத்து உட்காரவைத்துக் கடையின் மூன்று தலைமுறைக் கதையையும் சொல்லிவிட்டார். ‘எங்களைப் பற்றி’ பக்கம் அங்கேயே முடிந்தது. இரண்டு வாரத்தில் இருபத்திரண்டு கடைக்கு விஷயம் வந்து சேர்ந்தது. ஒரு கடைக்கு ஞாயிறு விடுமுறை என்று நான் போட்டிருந்தேன். ‘அவங்களுக்கு வெள்ளிக்கிழமைதான் லீவுண்ணே’ என்று திருத்தியதும் அந்தத் தங்கச்சிதான். நான் எழுதிய எந்தக் கோடும் அந்தத் தப்பைக் கண்டுபிடித்திருக்காது.

உதவிக்கு வருகிறவருக்குச் சாவி கொடுப்பதிலும் நிதானம் வேண்டும். உன் நிர்வாகி பாஸ்வேர்டைத் தூக்கிக் கொடுக்காதே. அவருக்கென்று தனிக் கணக்கு திற. விஷயம் ஏற்றுபவருக்குத் தொகுப்பாளர் உரிமை போதும். பிளகினைத் தொட வேண்டியவருக்கு மட்டும் நிர்வாகி உரிமை, அதுவும் வேலை முடிகிறவரை. பிறகு கணக்கை நீக்கு. இதைச் சந்தேகம் என்று எவனாவது கோபித்தால் அவன் உனக்கு வேண்டாம். கூலியை நாளைக்கு என்று தள்ளாதே. தளத்துக்கு இவ்வளவு என்று முதலிலேயே பேசி, முடிந்த அன்றே கொடு. சும்மா சொல்லிக் கொடுத்தவருக்கு என்ன கொடுப்பது? நன்றி சொல். என்ன செய்தாய், சரியானதா என்று திரும்ப ஒரு வரி எழுது. பதில் வாங்கியதும் மறைந்துபோகிறவர்களைப் பார்த்துத்தான் நல்லவர்களுக்கும் கை ஓய்ந்துபோகிறது.

இலவசத்துக்கும் ஓசிக்கும் வித்தியாசம் தெரிந்துகொள். வேர்ட்பிரஸ் இலவசம். எடுத்துப் பயன்படுத்து, மாற்று, பிறருக்குக் கொடு என்று உரிமத்திலேயே எழுதியிருக்கிறது. விலைக்கு விற்கும் தீம் ஒன்றை எவனோ உடைத்து ‘ஃப்ரீ’ என்று எங்கோ போட்டிருக்கிறானே, அது ஓசி. அதற்குள் கள்ளக் கோடு ஒளிந்திருந்தால் ஒருநாள் பாத்திரக்கடை முகப்பில் சூதாட்ட விளம்பரம் தொங்கும். நாற்பது தளத்திலும் ஒரே நாளில். அதே போல டொமைன் கடைக்காரர் பெயரில்தான் இருக்க வேண்டும். உன் பெயரில் பதிந்து வைத்துக்கொண்டு ஆண்டுக்கு ஆண்டு அவரை மிரட்டிப் பணம் பார்ப்பது தொழில் இல்லை, வழிப்பறி. எனக்குத் தெரிந்து அப்படிப் பிழைத்தவன் எவனும் பத்து வருஷம் இந்தத் தொழிலில் நின்றதில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரோட்டத்துக்கு ஆடிப்பூரத்தன்று ஒருமுறை போய்ப் பார். வடம் பிடிக்கிற ஆயிரக்கணக்கான பேரைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். நீ சக்கரத்துக்குப் பக்கத்தில் பார். தடி போடுகிறவர் குனிந்து நிற்பார். எப்போது போடுவது, எப்போது எடுப்பது என்று அவருக்குத்தான் தெரியும். அவர் இல்லாவிட்டால் தேர் வீதி திரும்பாது. வடம் பிடிப்பவர் யாரும் அவரைக் கூப்பிட வெட்கப்படுவதில்லை. அவரும் தனியாகத் தேரை இழுத்துக்காட்டுகிறேன் என்று சவால் விடுவதில்லை.

நீ நாற்பது தளத்துக்கு ஒப்புக்கொண்டாயே, அந்தத் துணிச்சலை நான் கும்பிடுகிறேன். ஊரில் முக்கால்வாசிப் பேர் ஒன்றுக்கே பயந்து ஓடுகிறவர்கள். பாதித் துணிச்சலை ஒப்புக்கொள்வதிலேயே காட்டிவிட்டாய். மீதிப் பாதியைப் போனைத் திருப்பி எடுப்பதில் காட்டு.

இப்போது தூங்கு. காலையில் எழுந்து குளித்து, இருபத்தேழாவது தளத்தைப் பற்றி அந்த ஐந்து வரியை எழுது. யாருக்கு அனுப்புவது என்று உனக்கே தெரியும், நேற்றிலிருந்து அந்தப் பெயரைத்தான் போனில் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாய். எட்டு மணிக்கு அனுப்பிவிடு. அவர் கடைக்கோ ஆபீஸுக்கோ கிளம்பும் முன் பார்த்துவிடுவார்.